மீட்புத் தட்டின்றி வரும் கணிப்பொறி

புதிதாக வாங்கப்பட்ட கணிப்பொறியின் பெட்டியைத் திறந்தால், அதனுள் கருவியும், மின்னேற்றும் சாதனமும், உத்தரவாதச் சீட்டும், பல மொழிகளில் அச்சிட்ட எச்சரிக்கைத் தாள் ஒன்றும் இருக்கும். இயங்குதளம் அடங்கிய தட்டு மட்டும் இராது. இருபது இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்னர் வாங்கிய கணிப்பொறியோடு ஒன்றிரண்டு பளபளக்கும் தட்டுகள் உறையிலிட்டு வருவதுண்டு. அவற்றை அலுவலக அலமாரியில் பூட்டி வைப்பதும், வேண்டும்போது அலமாரியின் சாவி கிடைக்காமல் திண்டாடுவதும் பலர் அறிந்த செய்தி. உற்பத்தியாளர்கள் அவ்வழக்கத்தைக் கைவிட்டதற்கு முதற்காரணம் சிக்கனமே. நாளடைவில் லாப்டாப்களிலிருந்து தட்டினைப் படிக்கும் பகுதியும் நீங்கிவிட்டபடியால், இன்று தட்டு கொடுத்தாலும் அதனைப் போட இடமில்லை.

ஆயின், இயங்குதளம் எங்கே இருக்கிறது? விசைப்பலகை, திரை, நினைவகம், அச்சுப்பொறி ஆகிய உறுப்புகளை ஒன்றோடொன்று இணக்கி, ஏனைய செயலிகள் இயங்க இடங்கொடுக்கும் ஆதாரக் கட்டளைத் தொகுதியே இயங்குதளம் என்பதை ஆசிரியர்கள் அறிவார்கள். அது தொழிற்சாலையிலேயே ஹார்ட் டிஸ்க்கிலோ, அதன் இடத்தைப் பிடித்துள்ள எஸ்.எஸ்.டி. எனும் திண்மநிலை வட்டிலோ பதிக்கப்பட்டு வருகிறது. பழுது நேர்ந்தால் அதனைச் சீர்செய்யத் தேவையான கோப்புகளும் பெரும்பாலும் அதே வட்டில், சாதாரணமாகக் கண்ணுக்குத் தென்படாத ஒரு பகுதியில் வைக்கப்பட்டிருக்கும்.

இவ்வேற்பாடு விதை நெல்லையும் சோற்று நெல்லையும் ஒரே குதிரில் கொட்டி வைப்பதை ஒக்கும். செயலி ஒன்று தாறுமாறாகி, கணிப்பொறி துவங்க மறுக்கும் சிறு நோய்களுக்கு மறைவான பகுதி பயன்படும் என்பதில் ஐயமில்லை. வட்டே பழுதானால் இரண்டும் ஒருங்கே அழிந்துபோம். வட்டு நன்றாக இருக்கும்போதும் ஆபத்து இல்லாமல் இல்லை. வேறோர் இயங்குதளத்தை நிறுவ முற்படுவோர், வட்டு முழுவதையும் பயன்படுத்தலாமா என்று திரையில் தோன்றும் வினாவிற்கு ஆம் என்று விடையளித்துவிட்டால், மறைவான பகுதியும் ஒரு நொடியில் துடைக்கப்பட்டுவிடும். பள்ளிகளிலும் வட்டார அலுவலகங்களிலும் இவ்வகை இழப்பே மிகுதி.

திருவனந்தபுரத்தின் அனுபவம்

இவ்விஷயத்தில் கேரள மாநிலத் தலைநகரான திருவனந்தபுரத்தின் அனுபவம் கருதத்தக்கது. விண்வெளி விஞ்ஞானி யு. ஆர். ராவ் அவர்களின் தலைமையில் அமைந்த குழுவின் பரிந்துரைகளைப் பின்பற்றி, 2001ஆம் ஆண்டில் 'ஐ.டி. அட் ஸ்கூல்' எனும் திட்டம் அங்கே உருவாயிற்று. அதே ஆண்டு ஜூலை மாதம் 20ஆம் நாள், ரிச்சர்ட் ஸ்டால்மன் கலந்துகொள்ள, இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை அந்நகரிலேயே தொடங்கப்பெற்றது. எவரும் பயன்படுத்தவும், ஆராயவும், திருத்தவும், பிரதி எடுத்துப் பிறர்க்கு வழங்கவும் உரிமையுள்ள மென்பொருளே கட்டற்ற மென்பொருள் எனப்படுகிறது. இவ்விரு முயற்சிகளும் சில ஆண்டுகளில் ஒன்று கலந்தன. கேரளப் பள்ளிகள் கட்டற்ற இயங்குதளமாகிய லினக்ஸுக்கு மாறின.

2017இல் அத்திட்டம் 'கைட்' என்னும் அரசு நிறுவனமாயிற்று; அதன் தலைமையகம் நகரின் பூஜப்புரைப் பகுதியில் உள்ளது. 2018இல் தொடங்கிய உயர்தொழில்நுட்பப் பள்ளித் திட்டத்தின்படி, எட்டாம் வகுப்பிற்கும் அதற்கு மேலும் 4,752 பள்ளிகளில் 45,000 வகுப்பறைகளுக்கு லாப்டாப்பும் படவீழ்த்தியும் வழங்கப்பட்டன. இத்துணை கருவிகளுக்கும் தட்டு கொடுப்பதென்றால் தட்டுகளை எண்ணிக் கணக்கு வைப்பதே ஒரு தனி இலாகாவின் வேலையாகிவிடும். அங்கே மேற்கொள்ளப்பட்ட வழி வேறு. பாடத்திட்டத்திற்குத் தேவையான கல்விச் செயலிகள் யாவும் அடங்கிய ஒரே இயங்குதளப் பதிப்பு உருவாக்கப்பட்டது. 2019இல் வெளியான பதிப்பு உபுண்டு 18.04 என்பதை அடிப்படையாகக் கொண்டது, பின்னர் 22.04ஐ அடிப்படையாகக் கொண்ட பதிப்பு வந்தது. அதனைப் பென் டிரைவில் ஏற்றி, எந்தப் பள்ளியும் எத்தனை கணிப்பொறிகளிலும் பதித்துக்கொள்ளலாம். வேண்டும் பொதுமக்கள் தத்தம் கணிப்பொறிகளைக் கொண்டுவந்து இலவசமாகப் பதித்துச் செல்லும்பொருட்டு முகாம்களும் நடத்தப்பட்டதுண்டு.

இதில் கவனிக்க வேண்டியது சிக்கனம் மட்டுமன்று. மீட்புத் தட்டு என்பது விற்பவர் தயவில் கிடைக்கும் பொருளாக இல்லாமல், பள்ளியின் சொந்தக் கையிருப்பாக ஆயிற்று என்பதே. கேரளத்தில் பத்தாம் வகுப்பு மாணாக்கர்க்குத் தகவல் தொழில்நுட்பச் செய்முறைத் தேர்வு கணிப்பொறியிலேயே நடைபெறுகிறது. தேர்வுக்கு முந்தைய நாள் மாலையில் ஒரு கருவி துவங்க மறுத்தால், நகரிலிருந்து பழுது பார்ப்பவர் வரும்வரை காத்திருக்க இயலாது. விநாடிக்கு 2 மெகாபிட் வேகமுள்ள இணையத் தொடர்பில் 4 ஜிகாபைட் அளவுள்ள நிறுவற்கோப்பு ஒன்றை இறக்கிக்கொள்ள ஏறத்தாழ நாலரை மணி நேரம் பிடிக்கும். இணைப்பு நடுவில் அறுந்தால் அதுவும் இல்லை. மேசை இழுப்பறையில் முன்கூட்டியே ஆயத்தம் செய்த பென் டிரைவ் ஒன்று இருக்குமாயின், அன்றிரவே கருவி சீராகிவிடும்.

பிரதி எடுத்துக் காப்பது அந்நாட்டுக்குப் புதிய தொழிலும் அன்று. ஈரக்காற்றும் பூச்சியும் மிகுந்த மலைநாட்டில் பனையோலைச் சுவடி நெடுங்காலம் நிற்காது; பழையது நைந்துபோகுமுன் புதிய ஓலையில் எழுதிவைத்தபடியால்தான் பல நூல்கள் நம் காலம்வரை வந்துள்ளன. 1909இல் பத்மநாபபுரத்தை அடுத்த மணலிக்கரையில் கணபதி சாஸ்திரியார் கண்டெடுத்த சுவடியைக் கொண்டே பாசனுடையவை எனக் கருதப்படும் வடமொழி நாடகங்கள் 1912 முதல் திருவனந்தபுரத்தில் அச்சேறின. ஒரு மடத்தில் ஒரு பிரதி பிழைத்திருந்தது; அதனால் நாடகங்களும் பிழைத்தன.

விண்டோஸ் பதித்த கருவி

நிற்க. எல்லாக் கருவிகளும் லினக்ஸுடன் வருவதில்லை. கடையில் வாங்கும் லாப்டாப்களில் பெரும்பாலானவை விண்டோஸ் பதிக்கப்பட்டே வருகின்றன. அவற்றிற்குச் செய்ய வேண்டியது என்ன என்பதைச் சற்று விரிவாகக் காண்போம்.

விண்டோஸிலேயே மீட்பு டிரைவ் உருவாக்கும் கருவி ஒன்று அடங்கியுள்ளது. தேடுமிடத்தில் அதன் பெயரைத் தட்டச்சிட்டால் தோன்றும். குறைந்தது 16 ஜிகாபைட், இயன்றால் 32 ஜிகாபைட் கொள்ளளவுள்ள பென் டிரைவ் வேண்டும். 16 ஜிகாபைட் எனக் குறித்த பென் டிரைவைக் கணிப்பொறி 14.9 எனக் காட்டுவதைக் கண்டு கடைக்காரர் மோசம் செய்துவிட்டதாக எண்ண வேண்டுவதில்லை. உற்பத்தியாளர் ஆயிரம் ஆயிரமாகப் பெருக்கி எண்ணுகிறார்; கணிப்பொறி 1,024 வீதம் வகுத்து எண்ணுகிறது. எட்டாம் வகுப்பில் அடுக்குக்குறி கற்பிக்கும் ஆசிரியர்க்கு இது நல்லதோர் எடுத்துக்காட்டு. பென் டிரைவில் முன்பிருந்தவை யாவும் அழிக்கப்படுமாதலால், வெற்றுப் பென் டிரைவையே உபயோகிக்க வேண்டும். கணினி அமைப்புக் கோப்புகளையும் சேர்த்துப் பிரதி எடுக்கவா என்று கேட்கும் கட்டத்தில் குறியிடத் தவறலாகாது. குறியிடாவிடில் சில பழுதுகளைப் பார்க்கும் உபகரணங்கள் மட்டுமே பென் டிரைவில் ஏறும், இயங்குதளத்தைத் திரும்பப் பதிக்க இயலாது. வேலை முடிய ஒரு மணி நேரத்திற்கும் மேலாகலாம். பிரதி எடுக்கும்போது லாப்டாப் மின்கலத்தை மட்டும் நம்பியிராமல் மின்னிணைப்பில் இருத்தல் அவசியம்.

இயங்குதளத்தின் உரிமை எண்ணைப் பற்றிப் பலருக்குக் கவலை உண்டு. முன்னர் அது கருவியின் அடியில் ஒட்டிய சீட்டில் அச்சிடப்பட்டிருக்கும். வியர்வை பட்டு நாளடைவில் அழிந்தும் போகும். 2012இல் விண்டோஸ் 8 வந்தது முதல், உற்பத்தியாளரே விண்டோஸ் பதித்து விற்கும் கருவிகளில் அவ்வெண் பொதுவாகத் தாய்ப்பலகையில் உள்ள ஃபர்ம்வேரிலேயே பொதிக்கப்பட்டு வருகிறது. திரும்பப் பதிக்கும்போது அதே வகை விண்டோஸாயின் எண்ணைக் கேட்காமலே அது கண்டுகொள்ளும். அவ்வுரிமை அந்த ஒரு கருவிக்கே உரியது. அக்கருவியிலிருந்து எடுத்த பிரதியைப் பக்கத்து அறைக் கணிப்பொறியில் பதிப்பது உரிமை விதிக்குப் புறம்பானது. லினக்ஸுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் வெளிப்படையாகத் தெரிகிறது.

இதனினும் முக்கியமானதொன்று, விண்டோஸ் 11 கொண்ட பல புதிய கருவிகளில் வட்டு தானாகவே மறைகுறியாக்கப்பட்டிருக்கிறது. திருடன் வட்டைக் கழற்றிக்கொண்டு போனாலும் படிக்க முடியாது என்பது இதன் நன்மை. ஆனால் பழுது பார்க்கும் வேளையில், 48 இலக்கங்கள் கொண்ட மீட்பு எண்ணைக் கணிப்பொறி உரிமையாளரிடமே கேட்கக்கூடும். அவ்வெண் முதன்முதலில் கருவியை இயக்கியவரின் இணையக் கணக்கில் சேமிக்கப்படுவது வழக்கம். அலுவலகத்தில் முதன்முதலில் இயக்கியவர் யார்? அன்று பணியிலிருந்த எழுத்தரோ, கணிதம் கற்பித்த இளைய ஆசிரியரோ தம் சொந்தக் கணக்கைக் கொடுத்து இயக்கியிருப்பார். பின்னர் மாற்றலாகிச் சென்றிருப்பார். ஐந்தாண்டுச் சேர்க்கைப் பதிவேடு அந்த 48 இலக்கங்களுக்குப் பின்னால் அடைபட்டுக் கிடக்கும். ஆகையால் கருவி வந்த நாளிலேயே அவ்வெண்ணைக் கண்டறிந்து காகிதத்தில் எழுதி, இருப்புப் பதிவேட்டோடு தலைமையாசிரியரின் பொறுப்பில் வைக்க வேண்டும். கணிப்பொறி யுகத்திலும் காகிதத்திற்கு வேலை உண்டு.

முழு வட்டின் பிம்பம்

மீட்பு டிரைவ் தொழிற்சாலையிலிருந்து வந்த நிலைக்குக் கருவியை ஏறத்தாழக் கொண்டு சேர்க்கும். அதன்பின் நிறுவிய தமிழ்த் தட்டச்சு, அச்சுப்பொறிச் செயலி, கணக்குத் தொகுப்பு முதலியவற்றை மீண்டும் ஒவ்வொன்றாக நிறுவ வேண்டியிருக்கும். அவ்வுழைப்பைத் தவிர்க்க விரும்புவோர், எல்லாவற்றையும் நிறுவி முடித்தபின் வட்டு முழுவதையும் அப்படியே படியெடுத்து வைக்கலாம். இதற்கு வட்டுப் பிம்பம் என்று பெயர்.

தைவான் நாட்டின் தேசிய உயர்திறன் கணிப்பு மையத்தில் உருவான 'குளோன்ஜில்லா' என்னும் கட்டற்ற மென்பொருள் இதற்குப் பெரிதும் பயன்படுகிறது. அதனைப் பென் டிரைவில் ஏற்றி, அப்பென் டிரைவிலிருந்தே கணிப்பொறியைத் துவக்க வேண்டும். அவ்வாறு துவக்கும்போது வட்டிலுள்ள இயங்குதளம் உறங்கிக் கிடக்கும். உறங்கும் நிலையில்தான் அதனைப் பழுதின்றிப் படியெடுக்க முடியும். இம்மென்பொருள் வட்டின் எல்லா இடங்களையும் படியெடுப்பதில்லை. தனக்குப் பழக்கமான அமைப்புள்ள பகுதிகளில், தரவு எழுதப்பட்ட இடங்களை மட்டும் தேர்ந்து சுருக்கிச் சேமிக்கிறது. ஆதலின் 256 ஜிகாபைட் வட்டில் 35 ஜிகாபைட் மட்டும் நிரம்பியிருந்தால், பிம்பம் அதனினும் சிறியதாகவே அமையும். மறைகுறியாக்கப்பட்ட வட்டில் இச்சலுகை கிடைக்காமல் போகலாம் என்பதை மட்டும் நினைவிற் கொள்ள வேண்டும்.

இங்கே பலரும் இடறி விழும் இடம் ஒன்றுண்டு. விண்டோஸில் 'அணை' என்று கட்டளையிட்டதும் கருவி முற்றும் அணைவதில்லை. அடுத்த முறை விரைவாகத் துவங்கும்பொருட்டு, தன் நிலையின் ஒரு பகுதியை வட்டில் எழுதிவிட்டு அரைத்துயிலில் ஆழ்கிறது. அந்நிலையில் வட்டைப் படியெடுக்க முயன்றால் மென்பொருள் மறுக்கும்; வற்புறுத்தினால் பிம்பத்தில் குறை நேரும். ஷிப்ட் விசையை அழுத்தியபடியே அணைக்கும் கட்டளையைத் தேர்ந்தால் கருவி முற்றும் அணையும். இச்சிறு செய்தியை அறியாமல் அரை நாள் வீணாக்கியோர் பலர்.

'டிடி' என்னும் பழைய யூனிக்ஸ் கட்டளையாலும் வட்டைப் படியெடுக்கலாம். எந்த வட்டிலிருந்து, எந்த வட்டிற்கு என்பதை அதற்கு நாமே எழுதிக் கொடுக்க வேண்டும். இரண்டையும் இடம் மாற்றி எழுதிவிட்டால், வெற்று வட்டின் வெறுமையை நிறைந்த வட்டின்மீது அது விசுவாசமாகப் படியெடுத்து வைக்கும். கேள்வி ஒன்றும் கேட்காது. வகுப்பறைக் கருவிகளில் இக்கட்டளையைத் தவிர்ப்பதே நலம்.

காலக் கணக்கையும் முன்கூட்டிப் போட்டுக்கொள்ளலாம். யு.எஸ்.பி. 2 வகை இணைப்பின் வேகம் ஏட்டளவில் விநாடிக்கு 480 மெகாபிட், அதாவது 60 மெகாபைட். நடைமுறையில் ஏறக்குறைய அதில் பாதியே கிட்டும். விநாடிக்கு 30 மெகாபைட் எனக் கொண்டால் 20 ஜிகாபைட் பிம்பம் புறவட்டிற்குச் செல்லப் பதினொரு நிமிடம். மலிவான பென் டிரைவ் விநாடிக்கு 10 மெகாபைட்தான் எழுதும் என்றால் அதுவே அரை மணி நேரத்தைக் கடந்துவிடும். ஒரு பள்ளியின் பத்துக் கருவிகளை ஒரு பிற்பகலில் முடித்துவிடலாம் என்று திட்டமிடுவோர் இக்கணக்கை முதலிற் போட்டுப் பார்ப்பது நன்று.

லினக்ஸ் கருவிகளில் 'டைம்ஷிப்ட்' என்னும் செயலியும் வழக்கில் உள்ளது. இயங்குதளக் கோப்புகளின் நிலையை நாள்தோறும் பதிந்து வைத்து, புதுப்பித்தல் ஒன்று பிழையானால் முந்தைய நாளைக்குத் திரும்ப அது வழி செய்கிறது. ஆயினும் வேறிடம் குறிப்பிடாவிட்டால் அது அப்பதிவுகளை அதே வட்டிலேயே வைக்கக்கூடும். மீண்டும் ஒரே குதிர். அஃதன்றி, ஆசிரியர் எழுதிய வினாத்தாள்களையும் களப்பணியாளர் சேகரித்த அளவைக் குறிப்புகளையும் அது இயல்பாகச் சேர்ப்பதில்லை. விண்டோஸின் மீட்பு டிரைவும் அவ்வாறே. இயங்குதளத்தின் பிரதி வேறு, எழுதிய கோப்புகளின் பிரதி வேறு. முன்னது தொலைந்தால் ஒரு நாள் உழைப்பில் மீட்கலாம். பின்னதை எந்த நிறுவனமும் மீண்டும் விற்பனைக்குத் தராது.

2017 மே மாதத்தில் 'வான்னாகிரை' என்னும் பணயத் தீநிரல் உலகெங்கும் பரவியபோது, கேரளத்தில் வயநாடு, பத்தனம்திட்டா மாவட்டங்களிலும் ஊராட்சி அலுவலகக் கணிப்பொறிகள் சில அதற்கு இரையாயின. இத்தகைய நிரல் கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணங்கேட்கும். அவ்வேளையில் கணிப்பொறியோடு இணைத்தே வைத்திருந்த புறவட்டையும் விட்டுவைக்காது. ஆகவே பிரதி எடுத்து முடிந்ததும் புறவட்டைக் கழற்றிவிட வேண்டும். இடிமின்னல் மிகுந்த தென்கேரளத்திலும் கன்னியாகுமரி மாவட்டத்திலும் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. சித்திரை, ஐப்பசி மாதங்களின் பிற்பகல் மழையில் மின்கம்பி வழியே பாயும் எழுச்சி, இணைந்திருப்பவை யாவற்றையும் ஒருசேரச் சுடும்.

சோதித்துப் பார்த்தல்

எடுத்த பிரதி நல்ல பிரதிதானா? இதனை அறியாமல் அலமாரியில் வைப்பது முளைப்புத் திறன் பாராமல் விதையைச் சேமிப்பதாகும். இறக்கிய நிறுவற்கோப்பாயின், அதனை வெளியிட்டோர் பெரும்பாலும் ஷா-256 எனும் சரிபார்ப்பு எண்ணையும் உடன் வெளியிட்டிருப்பார்கள். 64 எழுத்துகளும் இலக்கங்களும் கொண்ட அவ்வெண், கோப்பில் ஒரே ஒரு பிட் மாறினாலும் அடியோடு மாறிவிடும். நம் கையிலுள்ள கோப்பிலிருந்து அதனைக் கணக்கிட்டு ஒப்பிட்டால் குறைபாடு உடனே புலப்படும். பிம்பத்தை எடுத்து முடித்தவுடன் அது திரும்பப் பதிக்கத்தக்கதா எனச் சோதிக்கும் வசதி குளோன்ஜில்லாவிலேயே இருக்கிறது.

அடுத்து, பென் டிரைவைச் செருகி அதிலிருந்து கணிப்பொறியைத் துவக்கிப் பார்க்க வேண்டும். இதற்கு அழுத்த வேண்டிய விசை நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுபடும். எஃப் 12 என்பார் ஒருவர், எஸ்கேப் என்பார் மற்றொருவர். மீட்புப் பட்டியல் திரையில் தோன்றியதும், எதனையும் பதிக்காமல் வெளியேறிவிடலாம். வேலை செய்த விசையின் பெயரைச் சிறு சீட்டில் எழுதிக் கருவியின் அடியில் ஒட்டிவைத்தால், பின்னர் பதற்றத்தில் பன்னிரண்டு விசைகளையும் மாறி மாறி அழுத்த நேராது. கேரள உயர்நிலைப் பள்ளிகளில் 2018 முதல் இயங்கிவரும் 'லிட்டில் கைட்ஸ்' மாணவர் மன்றங்களைப் போன்றவை இப்பணிக்கு மிகவும் ஏற்றவை. பதின்மூன்று வயதுப் பிள்ளைகள் பெரியோரினும் பொறுமையாக இவ்வேலையைச் செய்வதைக் காணலாம்.

பிரதியை எதில் வைப்பது என்பதும் சிந்தனைக்குரியது. பென் டிரைவில் தரவு மிக நுண்ணிய மின்னேற்றமாகச் சிறைப்பட்டிருக்கிறது. மின்சாரமின்றிப் பல ஆண்டுகள் கிடந்தால் அது கசிந்து குறையலாம். பழைய ஒளித்தட்டே மேல் என்பாரும் உளர். மத்திய அமெரிக்காவின் ஈரவெப்ப நாடாகிய பெலீஸில், தட்டின் உட்படலத்தையே அரித்துத் தின்ற பூஞ்சை ஒன்று 2001இல் ஆராய்ச்சியாளரால் அறிவிக்கப்பட்டது என்பதை அவர்கள் அறிந்திருக்க வேண்டும். ஈரவெப்பத்தில் திருவனந்தபுரமும் குறைந்ததன்று. அஃதொழிய 4.7 ஜிகாபைட் மட்டுமே கொள்ளும் டி.வி.டி. தட்டில் இன்றைய பிம்பத்தை ஏற்ற நாலைந்து தட்டுகள் வேண்டும். அவற்றில் ஒன்று கீறினாலும் மற்றவை வீண். ஒரு பிரதி பென் டிரைவிலும் மற்றொன்று புறவட்டிலுமாக வைத்து, அவற்றுள் ஒன்றைப் பள்ளிக்கு வெளியே, தொகுப்புப் பள்ளியிலோ வட்டார அலுவலகத்திலோ ஒப்படைத்து வைப்பது தக்கது. 2018ஆம் ஆண்டு வெள்ளத்தில் கணிப்பொறியும் அலமாரியும் சேர்ந்தே நீரில் மூழ்கிய பள்ளிகள் கேரளத்தில் உண்டு.

பென் டிரைவின்மேல் கருவியின் வரிசை எண், இயங்குதளத்தின் பெயரும் பதிப்பும், பிரதி எடுத்த தேதி ஆகியவற்றைக் குறித்தல் வேண்டும். விண்டோஸ் மீட்பு டிரைவை ஆண்டுக்கொரு முறை புதிதாக எடுக்குமாறு அதனை வெளியிடும் நிறுவனமே கூறுகிறது. பள்ளி திறக்கும் ஜூன் மாதம் அதற்கு வசதியான காலம். புதிய பிரதி ஒரு முறையேனும் துவங்கிக் காட்டும்வரை பழைய பிரதியை அழிக்கலாகாது. பென் டிரைவ் பற்றாக்குறையைக் காட்டி, இருக்கும் ஒன்றையே துடைத்துப் புதியதை எழுதுவது வழக்கமாக இருக்கிறது. எழுதும் அந்த ஒரு மணி நேரத்தில் மின்தடை நேர்ந்தால், பள்ளியிடம் பழையதும் இராது, புதியதும் இராது.